தகவல் திரட்டும் நேர்காணல்: சிஸ்டம் அனாலிசிஸ் படிப்பவர்களும் செய்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாஃப்ட்வேர் எழுதுவதற்கு முன்னால், அதைப் பயன்படுத்தப்போகிறவர்களிடம் போய் உட்கார்ந்து அவர்கள் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் என் பிழைப்பில் பாதி. புதிதாகச் சேரும் பிள்ளைகளும், எம்சிஏ புராஜெக்டுக்கு வரும் மாணவர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களை இங்கே போட்டிருக்கிறேன்.

உதாரணங்களில் பெரும்பாலானவை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு உற்பத்திக் கணக்கு சாஃப்ட்வேர் செய்தபோது பார்த்தவை. துணி சாயப்பட்டறைக்குப் போகும், திரும்பி வரும், கட்டிங் போகும், தையலுக்கு வெளியே போகும். போகிற இடமெல்லாம் கூடவே ஒரு டிசி போகும். டிசி என்றால் டெலிவரி சலான். எத்தனை கிலோ, எத்தனை பீஸ் என்று எழுதிய சீட்டு.

1. இண்டர்வியூன்னா வேலைக்கு ஆள் எடுக்கிறதுதானே சார்? இதுல அது எங்க வருது?

பெயர் ஒன்றுதான், நிலைமை தலைகீழ். வேலைக்கு எடுக்கும் இண்டர்வியூவில் கேள்வி கேட்பவருக்கு விஷயம் தெரியும். இங்கே விஷயம் தெரிந்தவர் பதில் சொல்பவர், ஒன்றும் தெரியாதவர் நாம். அதை மறந்து பெரிய ஆபீசர் மாதிரி போய் உட்கார்ந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே கதை முடிந்துவிடும்.

அங்கே நமக்கு வேண்டியது: இப்போது வேலை எப்படி நடக்கிறது, எந்தத் தாளில் எழுதுகிறார்கள், எங்கே சிக்குகிறது, முடிவு யார் எடுக்கிறார்கள். அப்புறம் அவர்கள் பேசும் சொற்கள். நான் போன கம்பெனியில் 'லாட்' என்ற ஒரே சொல் சாயத்துக்கு அனுப்புகிறவருக்கு ஒரு பொருள், கட்டிங் ஆட்களுக்கு வேறு பொருள். இது தெரியாமல் திரையில் 'லாட் எண்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு எண்ணைப் போட்டு நிரப்பியிருப்பார்கள்.

2. கூகுள் ஃபார்ம் அனுப்பி பதில் வாங்கிட்டா போதாதா? எதுக்கு நேர்ல போகணும்?

இருநூறு பேரிடம் ஒரே விஷயத்தை எண்ணிக்கையாகத் தெரிந்துகொள்ள ஃபார்ம் நல்லது. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் ஃபார்ம் எழுத முடியும். நேரில் போவதே நாம் கேட்கத் தோன்றாததைத் தெரிந்துகொள்ளத்தான்.

நான் வைத்திருக்கும் வரிசை இது: முதலில் தாள்களைப் பார்ப்பது, பிறகு ஆட்களிடம் பேசுவது, பிறகு வேலை நடக்கும்போது கூட நிற்பது. அதற்கப்புறமும் எண்ணிக்கை தேவைப்பட்டால் ஃபார்ம்.

3. யாரைப் பார்க்கணும்? பணம் கொடுக்கிறவர் முதலாளி, அவர் சொன்னா போதாதா?

எதற்காக இந்த சாஃப்ட்வேர் என்பதை முதலாளி சொல்வார். வேலை எப்படி நடக்கிறது என்பதை, அவர் தினமும் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பவராகவே இருந்தாலும், அவரால் முழுதாகச் சொல்ல முடியாது. அவர் சொல்வது எப்படி நடக்க வேண்டுமென்று அவர் நினைக்கிறாரோ அதை.

இதற்கு உலகமறிந்த உதாரணம் லண்டன் ஆம்புலன்ஸ் சேவை. வண்டிகளைக் கணினியே ஒதுக்கும் ஏற்பாட்டை 1992 அக்டோபர் 26 அன்று இயக்கினார்கள். எந்த வண்டி எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்பது கணினிக்குத் துல்லியமாகத் தெரியும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட ஏற்பாடு அது. நடைமுறையில் ஊழியர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட வண்டியை விட்டுவிட்டு வேறு வண்டியில் போவதுண்டு. வண்டியின் நிலையைச் சொல்லும் பொத்தானை அவசரத்தில் அழுத்தாமல் விடுவதுண்டு. ஒரே நாளில் குழப்பம் உச்சத்துக்குப் போய், அழைப்புகள் குவிந்து, பழைய முறையைத் துணைக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று. வண்டி ஓட்டுகிறவர்களிடம் சரியாகக் கலந்து பேசாததும் அடுத்த ஆண்டு வந்த விசாரணை அறிக்கை சொன்ன குறைகளில் ஒன்று.

ஆகவே பட்டியல் போடும்போது தாளைப் பின்தொடருங்கள். அந்த டிசியை எழுதுபவர், சுமப்பவர், கையெழுத்துப் போடுபவர், ஃபைலில் குத்துபவர், பிறகு எடுத்துப் பார்ப்பவர் எல்லாரும் பட்டியலில் வர வேண்டும். நான் ஒருவரை விட்டுவிட்டேன். அந்தக் கதை 11ஆம் கேள்வியில்.

4. போறதுக்கு முன்னாடி என்ன தயார் பண்ணிக்கணும்?

அந்தத் தொழிலின் அரிச்சுவடி. சாயம் போடுவதற்கு முன் துணியை என்ன சொல்வார்கள், செக்கிங் என்றால் எதைப் பார்ப்பது, ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கூலிக்குச் செய்து வாங்க, அனுப்பிய பொருள் 1 வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற ஜிஎஸ்டி விதி, இந்த அளவு போதும். இதைக்கூட அவர்களிடமே கேட்டால், நேரத்தை வீணாக்க வந்த ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

முந்தின நாளே பழைய டிசி புத்தகம் ஒன்றை வாங்கிப் புரட்டுங்கள். அடித்தல் திருத்தல், ஓரத்தில் பென்சிலில் எழுதிய எண், எப்போதும் காலியாகவே இருக்கும் கட்டம், இவை ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. பிறகு 45 நிமிடத்துக்கு ஆறேழு தலைப்பு, அரைப் பக்கத்தில். வரி வரியாக நாற்பது கேள்வி எழுதிக்கொண்டு போனால் கண் தாளிலேயே இருக்கும். எதிரே இருப்பவர் முகம் மாறியதைப் பார்க்க மாட்டீர்கள்.

எந்த நேரம் போவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சம்பள நாள். அன்று யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள், பேசவும் கூடாது.

5. திறந்த கேள்வி, மூடிய கேள்வின்னு பரீட்சைக்குப் படிச்சோம். நிஜத்துல எதை எப்போ கேட்கிறது?

திறந்த கேள்வி கதை கேட்கும்: "சாயத்துக்குத் துணி அனுப்புறது எப்படிங்க நடக்கும்?" மூடிய கேள்விக்கு ஒரு சொல்லில் பதில்: "ஒரு நாளைக்கு எத்தனை டிசி?" இவை இரண்டையும் விட எனக்குச் சோறு போடுவது மூன்றாவது வகை, தொடர் கேள்வி. அவர் சொன்னதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துத் திருப்பிப் போடுவது. அவர் "பெரும்பாலும் எடை போட்டுருவோங்க" என்றால், நீங்கள் "பெரும்பாலும்னா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும்.

வரிசையைப் பொறுத்தவரை, திறந்ததில் தொடங்கி மூடியதில் முடிப்பது புனல். மூடியதில் தொடங்கி விரிப்பது பிரமிடு. இரண்டையும் சேர்த்தால் வைரம். பேசத் தயாராக இருப்பவரிடம் புனல், கூச்சப்படுகிறவரிடம் பிரமிடு. "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க, எத்தனை மெஷின்?" என்று சுலபமானதைக் கேட்டால் வாய் திறக்கும். பரீட்சைக்கு வேண்டுமானால் படம் வரையுங்கள். நேரில் இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை.

6. "உங்களுக்கு என்ன வேணும்"னு நேரா கேட்டுட்டா என்ன தப்பு?

தப்பில்லை, பதில்தான் உதவாது. ஸ்டோர்ஸ்காரரிடம் நான் அப்படிக் கேட்டபோது, "ஒரு பட்டனைத் தட்டுனா எல்லா ரிப்போர்ட்டும் வரணுங்க" என்றார். எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். அதே போல "வழக்கமா எப்படிச் செய்வீங்க?" என்ற கேள்விக்கும் விதிதான் பதிலாக வரும், நடப்பு வராது. பொய் சொல்கிறார்கள் என்றில்லை. 'வழக்கமா' என்று கேட்டால் மனசு எல்லாவற்றையும் சராசரியாக்கி அழகாகச் சொல்லும்.

எனவே கடைசியாக நடந்த ஒன்றைக் கேளுங்கள், அதற்கான தாளைக் கையில் வைத்துக்கொண்டு. "இந்த டிசி போன செவ்வாய்க்கிழமை போட்டது. அன்னிக்கு என்ன நடந்துச்சுங்கண்ணா, லாரி வந்ததிலிருந்து சொல்லுங்க." இப்படிக் கேட்டதும் அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இதா... இது நான் எழுதலைங்க, தம்பி எழுதினது. நான் அன்னிக்கு பேங்க்குக்குப் போயிட்டேன்" என்றார். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் இல்லாதபோது வேறொருவர் டிசி போடுவார் என்ற விஷயம் அதுவரை யார் வாயிலும் வரவில்லை. முதலாளி கொடுத்த அனுமதிப் பட்டியலில் அந்தத் தம்பிக்கு லாகின்கூடக் கிடையாது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படை ஆட்களிடம் தகவல் திரட்டிய ஜான் ஃபிளனகன் என்ற உளவியலாளர், பொதுவான கருத்தை விட்டுவிட்டு நடந்த குறிப்பிட்ட சம்பவங்களைக் கேட்கும் முறையை 1954இல் கட்டுரையாக எழுதினார். மோசமாகப் போன நாள் ஒன்று, நன்றாகப் போன நாள் ஒன்று, இரண்டையும் கேளுங்கள். மோசமான நாளைச் சொல்ல எல்லாருக்கும் ஆசை. நல்ல நாளை நீங்களாகக் கேட்டால்தான் வரும்.

7. "கேள்வியிலேயே பதிலை வெச்சுக் கேக்குற"ன்னு சீனியர் திட்டுறார். அப்படின்னா என்ன?

"டெய்லி ஸ்டாக் சரிபார்ப்பீங்கதானே?" என்று கேட்டிருப்பீர்கள். 'தானே' வந்தாலே முடிந்தது. நம் ஊரில் யார் "இல்லை" என்று சொல்வார்கள்? "கடைசியா ஸ்டாக் எண்ணினது எப்போங்க?" என்று கேட்டிருக்க வேண்டும்.

ஒரே ஒரு சொல் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு லாஃப்டஸ், பாமர் என்ற உளவியலாளர்கள் 1974இல் செய்த சோதனை போதும். 45 மாணவர்களுக்குக் கார் மோதும் படங்களைக் காட்டி, வேகம் என்ன என்று கேட்டார்கள். கேள்வியில் வினைச்சொல் மட்டும் மாறியது. 'நொறுங்க மோதிக்கொண்டபோது' என்ற கேள்விக்கு வந்த சராசரி பதில் மணிக்கு 40 மைலுக்கு மேல், 'தொட்டுக்கொண்டபோது' என்ற கேள்விக்கு 31.8 மைல். படம் ஒன்றேதான்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது: ஒரே மூச்சில் இரண்டு கேள்வி. "எடை போட்டு, டிசியோட ஒத்துப்பார்த்து வாங்குவீங்களா?" என்றால் "ஆமாங்க" என்பது எதற்கான ஆமாம்?

8. ஐந்து தடவை ஏன், ஏன்னு கேட்டா மூல காரணம் வந்துடுமாமே?

டொயோட்டாவில் தைச்சி ஓனோ சொன்ன முறை. மெஷின் நின்றது ஏன், ஃபியூஸ் போனது ஏன், பேரிங்குக்கு எண்ணெய் போதாதது ஏன் என்று போய், பம்புக்கு வடிகட்டி இல்லை என்பதில் முடியும். மெஷினிடம் கேட்க அருமையான முறை. மனிதரிடம் ஐந்து தடவை 'ஏன்' என்றால் போலீஸ் விசாரணை ஆகிவிடும். "ஏன் எழுதலை?" என்பதற்குப் பதில் "எழுத முடியாம போனது எப்படிங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அதே இடத்துக்குத்தான் போவீர்கள், ஆனால் அவர் தற்காப்புக்குப் போக மாட்டார்.

9. ஆள் வாயே திறக்க மாட்டேங்கிறார். எல்லாத்துக்கும் "ஆமா சார், சரி சார்"தான். என்ன பண்றது?

முதலில் இடத்தை மாற்றுங்கள். ஏசி ரூமுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அவருக்கு ஏதோ விசாரணை என்றுதான் தோன்றும். அவர் மேஜைக்குப் போங்கள். 'சார்' என்றால் "அண்ணா, உங்க அளவுக்கு எனக்கு இந்த வேலை தெரியாதுங்க" என்று உடைத்துவிடுங்கள். ஆளைவிட வேலையைப் பற்றிக் கேளுங்கள்: "இந்தச் சீட்டுல இந்தக் கட்டம் எதுக்குங்க?" 5ஆம் பதிலில் சொன்ன பிரமிடு இங்கேதான் கைகொடுக்கும்.

முதலாளியோ மேனேஜரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டால் ஒன்றும் தேறாது. அவரை எழுந்து போகச் சொல்லவும் முடியாது. நான் செய்வது: மேனேஜர் இருக்கும்போது மேனேஜருக்கான கேள்விகளையே கேட்டு முடித்துவிட்டு, "கொஞ்ச நேரம் அண்ணா கூட நின்னு பார்த்துட்டு வரேங்க" என்று தளத்துக்கு நழுவிவிடுவது. பாதி விஷயம் டீ வரும் நேரத்தில்தான் கிடைக்கும்.

10. மாஸ்டர் கிட்ட எப்படி முடிவு பண்றீங்கன்னு கேட்டா "அது தன்னால தெரியுங்க"ன்னு சொல்றார். அதை எப்படி எழுதுறது?

கை அறிந்ததை வாய் சொல்லாது. அது அவர் குற்றமில்லை. பின்னல் துணியை ரோலிலிருந்து பிரித்தால் அது கொஞ்ச நேரம் சுருங்கி அடங்க வேண்டும். அடங்கும் முன் வெட்டினால் அளவு குறைந்துவிடும். எத்தனை மணி நேரம் என்று கட்டிங் மாஸ்டரிடம் கேட்டேன். "துணியைப் பொறுத்ததுங்க" என்றார். எழுத ஒன்றுமில்லை.

மறுநாள் காலை முழுக்க அவர் பக்கத்தில் நின்றேன். ஒரு அடுக்கின் ஓரத்தைத் தூக்கி விட்டுப் பார்த்தார். "இதை இப்ப போடலாம்." பக்கத்து அடுக்கையும் அதே மாதிரி தூக்கினார். "இது மத்தியானம்." உடனே கேட்டேன்: "ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?" அப்போது வந்தது பதில்: "இது லைக்ரா கலந்ததுங்க. அதுவும் நேத்து ராத்திரிதான் பிரிச்சது." ஆக, துணி வகை, பிரித்த நேரம் என்று இரண்டு கட்டம் கிடைத்தது. விதியைக் கேட்காதீர்கள், இரண்டு பொருளைப் பக்கத்தில் வைத்து வித்தியாசம் கேளுங்கள்.

11. ஒரே விஷயத்தை ரெண்டு பேர் ரெண்டு விதமா சொல்றாங்க. யாரை நம்புறது?

இப்போதைக்கு இருவரையும். முரண்பாடு வந்தால் எரிச்சல் படாதீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. சாயம் போட்டு வரும்போது துணியின் எடை குறையும். ஆர்டரை ஆரம்பம் முதல் முடிவு வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சொன்னது: "5 சதவீதம் வரைக்கும் குறையலாம், மேல போனா கேள்வி கேட்போம்." ஸ்டோர்ஸ் சொன்னது: "வந்ததை எடை போட்டு, வந்ததைத்தான் எழுதுவோம்." இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

டிசிக்களைப் பரப்பினேன். 312 கிலோ போயிருக்கிறது, 296.4 வந்திருக்கிறது. 240 போயிருக்கிறது, 228 வந்திருக்கிறது. பதினோரு சீட்டிலும் துல்லியமாக 5 சதவீதம். சாயப்பட்டறை இவ்வளவு ஒழுங்காக எடையைக் குறைக்குமா? ஸ்டோர்ஸ் அண்ணாவிடம் குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை, 6ஆம் பதிலில் சொன்னபடி ஒரு சீட்டைக் கொடுத்து, "இந்த லாரி எத்தனை மணிக்கு வந்துச்சுங்க?" என்றேன். "ராத்திரி ஒன்பது, ஒன்பதரை இருக்குமுங்க." அந்த நேரத்தில் யார் இறக்கியது? வாட்ச்மேன்.

நான் பட்டியலில் சேர்க்காமல் விட்ட ஆள் அவர்தான். பெரியவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "எடை மெஷின் ரூம் ஏழு மணிக்கே பூட்டிருவாங்க சாமி. நான் ரோலை எண்ணி இறக்கி கையெழுத்துப் போடுவேன்." காலையில் வந்து ரோல்களை மறுபடி மெஷினுக்குத் தூக்க ஆளில்லாமல், கால்குலேட்டரில் 5 சதவீதம் கழித்து எழுதியிருக்கிறார்கள். 5ஐத் தாண்டினால் கேள்வி வரும் என்றால், ஏன் தாண்டப்போகிறார்கள்? நாங்கள் முதலில் வரைந்து வைத்திருந்த, வரம்பு மீறினால் சிவப்பு எச்சரிக்கை காட்டும் திரை ஒரு தடவைகூடச் சிவந்திருக்காது. கடைசியில் கட்டிங்குக்குப் போகும்போது எடை போடுவது என்று மாற்றினோம், அங்கே எப்படியும் ரோலைத் தூக்கத்தான் வேண்டும்.

12. ஒவ்வொருத்தரா பார்க்கிறதுக்கு எல்லாரையும் ஒரே ரூம்ல உட்கார வெச்சா நேரம் மிச்சம்தானே?

ஐபிஎம்மில் 1970களின் இறுதியில் ஜேஏடி (ஜாயின்ட் அப்ளிகேஷன் டிசைன்) என்று இந்த மாதிரிக் கூட்டுப் பட்டறையை உருவாக்கினார்கள். முடிவு எடுக்க அது நல்ல முறை: நான்கு துறைத் தலைவர்களும் உட்கார்ந்து 'லாட் என்றால் இனிமேல் இதுதான்' என்று தீர்மானிப்பார்கள். உண்மையைத் தெரிந்துகொள்ள அது உதவாது. மேலே சொன்ன கால்குலேட்டர் விஷயம் மெர்ச்சண்டைசர் உட்கார்ந்திருக்கும் அறையில் வந்திருக்குமா? தனித்தனியாகக் கேளுங்கள், கூட்டமாக முடிவெடுங்கள்.

13. செல்போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கலாமா?

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் செய்வது அயோக்கியத்தனம். நான் பெரும்பாலும் செய்வதில்லை. போன் மேஜை மேல் இருந்தாலே அண்ணாமார் சொல் சுத்தமாகிவிடும். கையால் குறிப்பு, முக்கியமாக அவர்கள் சொன்ன சொல் அப்படியே. அன்று இரவே விரித்து எழுதிவிட வேண்டும். மூன்று நாள் கழித்து எழுதினால், அவர் சொன்னது எது, நீங்கள் நினைத்தது எது என்று பிரிக்க முடியாது.

14. வீடியோ கால்ல எடுத்தா சரிவருமா?

அறிமுகமானவருடன் தொடர் கேள்விக்குச் சரிவரும். முதல் தடவைக்கு வேண்டாம். கேமராவில் மேஜை மேல் இருக்கும் பென்சில் குறிப்பு தெரியாது.

15. "இந்த சாஃப்ட்வேர் வந்தா எங்க வேலை போயிடுமா?"ன்னு கேட்டாங்க. என்ன சொல்றது?

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். அது உங்களுக்குத் தெரியாது. தெரியாதென்பது அவருக்கும் தெரியும். போவதற்கு முன்பே இந்தக் கேள்வியை முதலாளியிடம் கேட்டு, அவர் வாயால் என்ன சொல்கிறாரோ அதை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு, "இதை முடிவு பண்றது நான் இல்லைங்க. முதலாளி இப்படிச் சொல்லியிருக்கார்" என்று அதை மட்டும் சொல்லுங்கள். அவர் எதுவும் சொல்லவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

16. பேசும்போது கணக்குல வராத விஷயம் ஏதாவது தெரிஞ்சுட்டா? முதலாளிகிட்ட சொல்லணுமா?

இதுதான் சிக்கலான கேள்வி, எனக்கே எல்லா நேரத்துக்கும் ஒரே பதில் இல்லை. நான் வைத்திருக்கும் கோடு: அறிக்கையில் வேலையின் பெயர் வரும், ஆளின் பெயர் வராது. 'இரவில் வரும் துணிக்கு எடை போட வசதி இல்லை. எடை கணக்கிட்டு எழுதப்படுகிறது' என்று எழுதினேன். யார் எழுதினார் என்று முதலாளி கேட்டார். "யார் இருந்தாலும் அப்படித்தாங்க எழுதணும், மெஷின் ரூம் பூட்டியிருக்கு" என்றேன். விட்டுவிட்டார்.

பழக்கமாகிப்போன குறுக்குவழி வேறு, திருட்டு வேறு. திருட்டு மாதிரி தெரிந்தால் அதைத் துருவுவது அனலிஸ்ட்டின் வேலை இல்லை. உங்கள் மேலாளரிடம் கொண்டுபோங்கள், நீங்களாக நீதிபதி ஆகாதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதும் கூடாது. "உங்க பேர் போட மாட்டேன்" என்பது வரைக்கும்தான் நம்மால் காப்பாற்ற முடியும்.

17. எத்தனை பேரைப் பார்த்தா போதும்? எங்க நிறுத்துறது?

ஒரே வேலை செய்பவர்களில் மூன்றாவது ஆள் புதிதாக எதையும் சொல்லவில்லை என்றால் அந்த வேலைக்குப் போதும். ஆனால் 3ஆம் பதிலில் சொன்ன பாதையில் ஒரு கை விட்டுப்போயிருந்தால் இருபது பேரைப் பார்த்தும் போதாது.

ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் இரண்டு கேள்வி வையுங்கள்: "நான் கேட்காம விட்டது ஏதாவது இருக்குதுங்களா?" "இன்னும் யாரைப் பார்க்கணும்?" நோட்டை மூடி எழுந்தபிறகு வரும் பதில்தான் பல நேரம் உருப்படியானது. பேனாவை மட்டும் உடனே பைக்குள் போட்டுவிடாதீர்கள்.

18. எழுதிக் கொடுத்தா படிக்காமலே "எல்லாம் சரிங்க"ன்னு கையெழுத்துப் போட்டுடறாங்க. அப்புறம் "நான் இப்படிச் சொல்லலையே"ன்னு வருது.

இருபது பக்கம் கொடுத்தால் நானும் படிக்க மாட்டேன். பேசிய ஆளுக்கு அவர் சொன்னது மட்டும், ஒரு பக்கம், தமிழில், இரண்டு நாளைக்குள். அதுவும் படிக்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. அன்றைக்கு வந்த புது டிசி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், "அண்ணா, நீங்க சொன்னபடி இதை நான் போட்டுப் பார்க்கிறேன், தப்புன்னா நிறுத்துங்க" என்று ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக்கொண்டே நிரப்புவேன். ஸ்டோர்ஸ் அண்ணா நான்காவது கட்டத்தில் நிறுத்தினார். "அதுல பார்ட்டி டிசி நம்பர் வராதுங்க, நம்ம நம்பர்தான் வரணும்." பார்ட்டி என்றால் எதிர்த்தரப்புக் கம்பெனி. கையெழுத்து அதற்கப்புறம்தான் வாங்கினேன்.